அறை எண் எட்டு எங்களிடம் இல்லை

ஜூன் 2, திங்கள்

புதிய பாதுகாப்பு ஏற்பாடு இன்று அமலுக்கு வந்தது. பெங்களூருக் கம்பெனியிலிருந்து ரோஷன் என்பவர் வந்து அறுபது ஷட்டருக்கும் அடியில் தீப்பெட்டி அளவில் சென்சார் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஷட்டர் ஏறினால் அலுவலகத் திரையில் அந்த அறையின் எண் சிவப்பாகும். தரை வரை இறங்கினால் பச்சை. அறைக்காரரின் செல்லுக்கு 'உங்கள் அறை திறக்கப்பட்டது', 'மூடப்பட்டது' என்று மெசேஜ் தானாகப் போகும். சம்பவப் பதிவேடு என்று ஒன்றும் வைக்க வேண்டுமாம். அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பதிவேட்டில் நேரம், அறை எண், நடவடிக்கை என மூன்றே கட்டம். அதில் அடங்காததற்கு இந்த டைரி. நாளைக்கு நானே படித்துப் பார்த்தாலும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். நான் துளசிமணி, வயது ஐம்பத்து நான்கு, இங்கே சூப்பர்வைசர். வீட்டில் இடமில்லாதவர்களும் வெளிநாடு போகிறவர்களும் சாமான்களைப் பூட்டி வைத்துவிட்டுப் போகிற இடம் இது. சரவணம்பட்டியில் ஒரு பழைய நூல்மில் குடோனை முதலாளி சென்னியப்பன் தடுத்து அறைகளாக்கினார். காவலுக்கு ஆறுச்சாமி அண்ணன். கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருக்கிறார்.

கேமரா இரண்டு வராண்டாவுக்குத்தான். மூன்றாம் வராண்டா கன்னிமூலையில் இருக்கிறது. அந்தச் சுவரில் துளை போட முதலாளி விடவில்லை. "திருடன் வந்தா ஒரு பொருளுதான் போவும். கன்னிமூலையில ஓட்டை போட்டா குடும்பமே போயிரும்" என்றார். ரோஷன் பெங்களூரில் இப்படி ஒன்றைக் கேட்டதில்லையாம்.

11.20க்கு மூன்றாம் வராண்டாவில் ரவுண்ட்ஸ். 12க்குத் திரும்பினேன். 30ஆம் அறையின் சென்சார் வேலை செய்யவில்லை போலிருக்கிறது, திரையில் பச்சையாகவே நிற்கிறது. ரோஷனிடம் சொல்ல வேண்டும். அவசரமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

சம்பவம் இல்லை. ரவுண்ட்ஸ் 11.20 முதல் 12 வரை. மதியம் மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

ஜூன் 4, புதன்

ரவுண்ட்ஸ், வழக்கம்போல்.

வீட்டுக்குப் போனபோது மருமகள் வினோதினி ஹாலில் மீட்டிங்கில் இருந்தாள். அமெரிக்காக்காரர்களுக்கு அப்போதுதான் விடிகிறது. ஒன்பது மணி வரை சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளினேன். அரைக் கிலோ போதும், ஒரு கிலோ கிள்ளினேன். அவள் நல்ல பெண். மீட்டிங் முடிந்ததும் "சாரிங்கத்தே" என்று சொல்லித்தான் எழுந்தாள். அதற்குப் பிறகு சோபாவை இழுத்தேன். இழுத்தால் அது என் படுக்கை.

போன வருசம் என் வீட்டுக்காரர் போன பிறகு பீளமேட்டு வாடகை வீட்டைக் காலி செய்து, மகன் தரணியின் ஏழாம் மாடி ஃபிளாட்டுக்கு வந்தேன். "சாமான் எதும் வேண்டாங்கம்மா, வெக்க எடமில்ல, வித்துருங்க" என்றான். விற்றுவிட்டேன் என்று சொன்னேன்.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து போன். 27ஆம் அறைக்காரர் பாலதண்டாயுதம்.

"என்னங்க மேடம், நாலு நாளா தெனமும் பதினொண்ணு இருவதுக்கு என்ற ரூமைத் தொறக்கறாங்க. பன்னெண்டுக்கு மூடறாங்க. மெசேஜ் வந்துட்டே இருக்குது. நான் இங்க இருக்கறேன், அங்க யாருங்க தொறக்கறது?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போய்ப் பார்த்தேன். 27 என்பது மூன்றாம் வராண்டாவில், 30க்கு நேர் எதிரே. பூட்டின் மேல் தூசி படிந்திருக்கிறது, கை பட்ட தடமே இல்லை. ஆனால் கணினியில் நாலு நாளும் பதிவாகியிருக்கிறது, 11.20 சிவப்பு, 12.00 பச்சை.

அந்த நேரத்தில் நான் அந்த வராண்டாவில்தான் இருந்தேன். 27ஐ யாரும் தொடவில்லை. இதைப் பதிவேட்டில் எழுதினால், நாற்பது நிமிடம் அங்கே நின்று என்ன செய்தாய் என்று கேட்பார்கள். 'விசாரணையில் உள்ளது' என்று எழுதினேன்.

ஜூன் 6, வெள்ளி

முதலாளி வந்தார். மஸ்கட்காரர் அவருக்கும் போன் செய்திருக்கிறார். வெளிநாட்டில் இருப்பவர்களின் மாற்றுச்சாவி எங்கள் அலுவலகப் பெட்டியில் ஒட்டிய கவரில் இருக்கும். அந்தப் பெட்டியின் சாவி ஆறுச்சாமி அண்ணனிடம். 27இன் கவரை எடுத்துப் பார்த்தார்கள். ஒட்டு பிரியாமல் இருந்தது.

"இன்னொரு சாவி போட்டிருப்பான்" என்றார் முதலாளி. பிறகு ஆறுச்சாமி அண்ணனைக் கூப்பிட்டு, "பதினொண்ணு இருவதுக்கு மூணாவது வராண்டாவுல யாரு இருந்தா? நெசத்தைச் சொல்லு" என்றார்.

ஆறுச்சாமி அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "யாரையும் பாக்கலீங்க."

"நாலு நாளா?"

"நாலு நாளும் பாக்கலீங்க."

நான் வராண்டாவுக்குத் திரும்பும் இடத்தில்தான் அவருடைய ஸ்டூல் கிடக்கிறது. தினமும் என் டப்பாவோடு அவரைத் தாண்டித்தான் போகிறேன். "சாப்பாடாச்சுங்களா" என்றுகூடக் கேட்பார். இன்று என் பக்கம் திரும்பவே இல்லை.

முதலாளி என்னிடம், "நீ இருக்கற தைரியத்துலதான் நான் இந்தப் பக்கமே வராம இருக்கறேன் அம்மணி" என்றார். நன்றி சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு

விடுமுறை. சோபாவை மடிக்க மறந்துவிட்டேன். வினோதினி மடித்தாள்.

ஜூன் 9, திங்கள்

முதலாளியே நின்று பிடிப்பது என்று முடிவெடுத்து, பத்து மணிக்கு மூன்றாம் வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி வரை இருந்தார். இளநீர் இரண்டு. நான் ரவுண்ட்ஸ் போகவில்லை. மேஜையிலேயே சாப்பிட்டேன். திரையில் 27 பச்சையாகவே இருந்தது.

"பாத்தியா? நான் உக்காந்தா ஒருத்தனும் வரல. அப்ப வெளியாளு இல்ல, உள்ளாளுதான்" என்றார்.

நேற்று ஞாயிறும் 27 திறக்கவில்லை. ஞாயிறு ஆறுச்சாமி அண்ணனுக்கு வேலை உண்டு. எனக்குத்தான் விடுமுறை. இதை முதலாளி கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

ரவுண்ட்ஸை 3.10க்கு மாற்றிக்கொண்டேன். திரும்பி வந்து பதிவைப் பார்த்தேன். 27: 3.10 சிவப்பு, 3.50 பச்சை. திருடனும் நேரத்தை மாற்றிக்கொண்டான்.

ஜூன் 11, புதன்

காலையில் 9ஆம் அறைக்காரர்கள் வந்து ஒரு தொட்டிலை எடுத்துப் போனார்கள். அவர்கள் ஷட்டரைத் தூக்கியபோது நான் திரைக்கு முன்னால் இருந்தேன். சிவப்பானது 9 அல்ல, 8.

எங்களிடம் 8ஆம் அறை கிடையாது.

கதவுக்கு எண் எழுதும்போது முதலாளி எண்கணிதக்காரர் ஒருவரைக் கேட்டார். எட்டு ஆகாது, கூட்டினால் எட்டு வருவதும் ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் 8, 17, 26, 35, 44, 53, 62 ஏழும் இல்லை. அறுபது கதவில் கடைசிக் கதவின் எண் 67. இங்கே வேலை செய்பவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விசயம், யாரும் யோசிப்பதில்லை. ரோஷனுக்கும் யாரும் சொல்லவில்லை. அவர் முதல் கதவிலிருந்து ஒன்று, இரண்டு என்று அறுபது வரை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். கதவில் 9 என்றால் கணினியில் 8. கதவில் 18 என்றால் கணினியில் 16. கதவில் 30 என்றால் கணினியில் 27.

இரண்டாம் முறையும் எண்ணினேன். 27தான்.

ஜூன் 12, வியாழன்

இனி இந்த டைரியில் ரவுண்ட்ஸ் என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

30ஆம் அறை என்னுடையது. பீளமேட்டு வீட்டுச் சாமான் முழுக்க அங்கேதான் இருக்கிறது. கட்டில், பீரோ, கிரைண்டர், மடக்கு நாற்காலி இரண்டு, பாத்திரம். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரிகூட மாற்றி வைத்திருக்கிறேன். போவேன், ஷட்டரை முக்கால்வாசி இறக்கிக்கொள்வேன், கட்டிலில் உட்கார்ந்து டப்பாவில் இருப்பதை என் தட்டில் போட்டுச் சாப்பிடுவேன். பீரோவை ஒருமுறை திறந்து மூடுவேன். பத்து நிமிடம் படுப்பேன். அங்கே யாரும் மீட்டிங்கில் இருப்பதில்லை. அந்த நாற்பது நிமிடம் எனக்கு வேண்டும். அது இல்லாமல் சாயங்காலம் அந்த வீட்டுக்குள் சிரித்த முகமாகப் போக என்னால் ஆகாது.

ஊழியர்கள் இங்கே அறை எடுக்கக் கூடாது என்று விதி. எழுதியது நான், கையெழுத்து முதலாளியுடையது. அதனால் தரணியின் ஆதார் நகலை வைத்து, அவன் பெயரிலும் அவன் செல் எண்ணிலும் எடுத்தேன். அவனுக்குத் தெரியாது. நான் திறந்த மெசேஜ் எல்லாம் மஸ்கட்டுக்குப் போயிருக்கிறது. கணினியின் 30 கதவில் 33 என்பதால், தரணிக்குப் போவது அந்தக் கதவின் மெசேஜ். 33 ஒரு பந்தல்காரருடையது, அவர் பொங்கலுக்குப் பிறகு வரவே இல்லை.

எண்ணைச் சரிசெய்தால் ஆறுச்சாமி அண்ணன் தப்பிப்பார். 30ஐ நான் திறக்கிறபோதெல்லாம் தரணிக்கு மெசேஜ் போகும். செல் எண்ணை மாற்றலாமென்றால் பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. போகும். இந்தக் கம்பெனியின் பாதுகாப்பில் ஓட்டை இல்லை என்று ரோஷன் சொன்னது சரிதான்.

ஜூன் 13, வெள்ளி

திங்கட்கிழமைக்குள் அறையைக் காலி செய்யும்படி முதலாளி ஆறுச்சாமி அண்ணனிடம் சொல்லிவிட்டார். போலீசுக்குப் போகாமல் விடுவதே பெரிய விசயம் என்றார். ஒன்பது வருசம் இங்கே இருந்தவர். வேலையும் வீடும் ஒரே நாளில் போகிறது.

மதியம் அவர் மனைவி ராக்கியாத்தாள் அலுவலக வாசலில் வந்து நின்றார். "அட்டப் பொட்டி இருந்தா நாலு குடுங்கம்மணி. ஏனம் பாத்திரமெல்லாம் அடுக்கோணும்."

ஆறு கொடுத்தேன். டேப்பும் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கழிப்பறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு என் மேல் அருவருப்பாக இருந்தது.

ஜூன் 14, சனி

எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

காலை பதினொன்றுக்கு முதலாளி வந்தார். மஸ்கட்காரரை வீடியோ காலில் கூப்பிடச் சொன்னேன். எல்லோரும் மூன்றாம் வராண்டாவுக்கு வாருங்கள் என்றேன். ஆறுச்சாமி அண்ணனும் வந்தார். கூடவே ராக்கியாத்தாளும் வந்து தள்ளி நின்றார்.

27இன் பூட்டைச் செல்லில் காட்டினேன். "பூட்டு அப்படியேதான் இருக்குதுங்க" என்றார் பாலதண்டாயுதம். அப்படியே பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு, என் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து 30இன் ஷட்டரைத் தூக்கினேன்.

செல்லுக்குள் டிங் என்று சத்தம். "தொறந்துட்டாங்க! மெசேஜ் வந்துருச்சு!" என்று மஸ்கட்டில் கத்தினார்.

முதலாளி 27ஐப் பார்த்தார். 30ஐப் பார்த்தார். "யாரு தொறந்தா? பூட்டு தொங்கிட்டுக் கெடக்குது!"

எட்டு, பதினேழு, இருபத்தாறு கதையைச் சொன்னேன். காகிதத்தையும் காட்டினேன். முதலாளி விரல் விட்டு எண்ணினார். நடுவில் தப்பி, திரும்ப எண்ணினார். மஸ்கட்காரர், "அப்ப என்ற ரூமை யாரும் தொறக்கலைங்களா? சரிங்க, அது போதும்" என்று வைத்துவிட்டார்.

முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டில் விரிப்பு மாற்றி இரண்டு நாள்தான் ஆகிறது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"இது யாருதம்மணி?"

"என்னுதுங்க."

"லிஸ்ட்ல தரணின்னு இருக்குது?"

"பையனுங்க. அவனுக்குத் தெரியாதுங்க. தெனமும் தொறந்தது நாந்தானுங்க. அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. வேலையை விட்டு நிறுத்தறதுன்னா என்னைய நிறுத்துங்க."

அவர் வெகுநேரம் கடிகாரத்தையே பார்த்தார். அது சரியாக ஓடுகிறதா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன். "ஊழியர் ரூம் எடுக்கக் கூடாதுன்னு எவன் ரூல் போட்டது?" என்றார்.

"நான் எழுதுனேனுங்க. நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

"மாத்தி எழுது, மறுக்காப் போடறேன். ஆனா ட்யூட்டி நேரத்துல இந்தப் பக்கம் வரப்படாது. லீவு நாள்ல வந்துக்க." பிறகு ஆறுச்சாமி அண்ணன் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்டு முதலாளிக்குப் பழக்கமில்லை. "டீ குடிச்சியா?" என்றார். "இல்லீங்க" என்றார் இவர். "போயி ரெண்டு பேரும் குடிங்க."

எல்லோரும் போன பிறகு ஆறுச்சாமி அண்ணனிடம் கேட்டேன். "ஏனுங்ணா, நான் தெனமும் இங்க வாரது உங்களுக்குத் தெரியுமே. கேட்டப்பச் சொல்லீருக்கலாமுங்களே?"

"நீங்க சோறு உண்ணப் போறீங்க. அதையெல்லாம் ஒரு விசயமுன்னு அவருகிட்டச் சொல்றதுங்களா?" என்றார்.

அவர் வீடு போகவிருந்தது, அப்போதும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

ஜூன் 17, செவ்வாய்

ரோஷன் போனிலேயே எண்களைச் சரிசெய்தார். திரையில் 8 இருக்கக் கூடாது என்று முதலாளி தனியாகச் சொன்னார். இப்போது இல்லை. ஊழியர் அறை எடுக்கக் கூடாது என்ற தடையையும் எடுத்தாயிற்று, ஆனால் பெயர் மாற்ற ஓ.டி.பி. தரணிக்குத்தான் போகும். ராக்கியாத்தாள் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். டேப் தீர்ந்துவிட்டது என்று வருத்தப்பட்டார்.

ஜூன் 19, வியாழன்

30ஐத் திறக்காமலே இருந்துவிடலாம். சாமான் உள்ளே இருக்கும், நான் வெளியே இருப்பேன், யாருக்கும் எந்த மெசேஜும் போகாது. மூன்று நாளாக மேஜையில்தான் சாப்பிடுகிறேன். எல்லாம் ஒரே ருசியாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் ஆபீஸ் போகிறேன் என்று சொன்னேன். தரணி செல்லைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு லீவுதானுங்களே?" என்றான். ஆமாம் என்றேன்.

11.20க்கு 30இன் ஷட்டரைத் தூக்கினேன். இந்த முறை முழுக்கத் தூக்கினேன். மெசேஜ் போகும் என்று தெரிந்தேதான் செய்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறக்கவில்லை.

12.05க்கு தரணி வந்தான். ஆறுச்சாமி அண்ணன் வழி காட்டிவிட்டு, வராண்டாத் திருப்பத்திலேயே நின்றுகொண்டார். தரணி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். கட்டிலையும் பீரோவையும் பார்த்தான். கிரைண்டரைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான்.

"வித்துட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"என்ற பேர்ல எடுத்திருக்கறீங்க."

"ஆமா. தப்புத்தான்."

செல்லைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "நம்ம வீட்ல உங்க சாமான்னு என்னங்கம்மா இருக்குது?" என்று கேட்டான்.

உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். "பிரஷ் இருக்குது. துணியெல்லாம் ஷூ ரேக்குக்கு மேல இருக்குது."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பாமலே, "இந்தக் கட்டிலை எடுத்துட்டுப் போயரலாங்கம்மா. ஹால்ல சோபாவை எடுத்துட்டுப் போடலாம்" என்றான்.

"லிஃப்ட்ல நுழையாது. அளந்து பாத்துட்டேன்."

"படியில தூக்கலாம். ஆளு வெச்சுக்கலாம்."

"வேண்டாஞ் சாமி. அங்க வந்தா அது உங்க வீட்டுக் கட்டிலாயிரும். வினோதினிக்கும் எடைஞ்சலு. இங்கயே இருக்கட்டும். எனக்கு உம்மேலயும் வருத்தமில்ல, அவ மேலயும் வருத்தமில்ல. பூட்டிட்டு உக்கார எனக்கு ஒரு எடம் வேணும், அவ்வளவுதான்."

இதை நான் யாரிடமும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. சொல்லிவிட்டுக் கட்டில் விரிப்பை இழுத்துவிட்டேன்.

"என்ற நம்பரை எடுத்துட்டு உங்க நம்பரைப் போடறதுக்கு என்ன பண்ணோணும்?" என்று கேட்டான்.

செல்லில் 30ஐ எடுத்து, பெயர் மாற்றம் என்பதை அழுத்தினேன். அவன் செல் டிங் என்றது. வெளியே நின்றபடியே ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னான். கண்ணாடி போடாமல் ஒன்றைத் தப்பாகப் போட்டுவிட்டேன். இன்னொரு ஓ.டி.பி. வந்தது. திரும்பவும் பொறுமையாகச் சொன்னான். திரையில் அறை எண் 30, துளசிமணி என்று வந்தது. அவன் எட்டி அதைப் படித்துப் பார்த்துக்கொண்டான்.

பிறகு செருப்பைக் கழற்றி வராண்டாவில் ஓரமாக விட்டான். ஷட்டர் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, "உள்ள வரட்டுங்களாம்மா?" என்று கேட்டான்.

"வா" என்றேன். "பீரோ முக்கு இடிக்கும், பாத்து வா."